ஒரு பெயரும் பல நோய்களும்: தொடக்ககால மோட்டார் வண்டிகளின் முன்சக்கர நடுக்கம்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதியுள்ளனர். வண்டியை ஓடச் செய்வதைக் காட்டிலும் அதனை நேராக ஓடச் செய்வது அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தை அவ்வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. 1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலோ பிரான்சிலோ புதிய கார் ஒன்றை ஓட்டிச் சென்றவருக்கு நேர்ந்த அனுபவம் பின்வருமாறு அமைவதுண்டு. சாலை சீரானது, வேகம் மிதமானது, முன்சக்கரம் ஒன்று சிறு கல்லின்மேல் ஏறி இறங்குகிறது. உடனே ஸ்டீரிங் சக்கரம் இடமும் வலமுமாக உதறத் தொடங்குகிறது. கல் பின்னால் போய்விட்டது, உதறல் நிற்கவில்லை. இறுக்கிப் பிடித்தால் கை வலிக்கிறது. பிடியை விட்டால் வண்டி சாலையை விட்டு விலகுகிறது. ஏறத்தாழ நிறுத்தும் அளவுக்கு வேகத்தைக் குறைத்த பின்னரே அது அடங்குகிறது.

இந்நோய்க்கு அமெரிக்க ஆங்கிலம் இட்ட பெயர் ‘ஷிம்மி’. பிற மொழிகளும் அச்சொல்லையே கடன் பெற்றன. நோய்க்குப் பெயர் கிடைத்தது பயன்தான். ஆனால் அப்பெயரே நோயறிதலுக்குத் தடையாகவும் அமைந்தது. தோற்றத்தில் ஒத்தவையும் காரணத்தில் வேறுபட்டவையுமான மூன்று நான்கு குறைகள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தன. ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றொருவருக்கு நோயை மிகுவித்தது. அச்சொல் பிளவுபட்ட பின்னரே மருத்துவம் தெளிவடைந்தது என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

முன்னச்சு பெற்ற சீர்திருத்தங்கள்

பழைய குதிரை வண்டியில் முன்னச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். இவ்வமைப்பில் ஒரு சக்கரம் கல்லில் மோதினால், அச்சின் பாதி நீளம் நெம்புகோலாகி முழு அச்சையும் திருப்பிவிடும். இதற்கு மாற்றாக அச்சை அசையாது நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனி முளைகளில் திரும்பச் செய்யும் முறையை மியூனிக் நகரில் வண்டி கட்டுபவராக இருந்த கேயார்க் லாங்கென்ஷ்பெர்கர் கண்டறிந்தார். இங்கிலாந்தில் அவர் சார்பில் 1818இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் அக்கர்மன். கண்டறிந்தவர் பெயர் மறைந்து முகவர் பெயரே அவ்வமைப்புக்கு நிலைத்துவிட்டது. பெயரிடல் நேர்மையாகவே நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மோட்டார் வண்டிகளில் இம்முறை உடனே இடம்பெறவில்லை. 1886ஆம் ஆண்டின் பென்ஸ் வண்டி மூன்று சக்கரங்களை உடையது. நான்கு சக்கரமும் முளைகளில் திரும்பும் முன்சக்கரங்களும் கொண்ட பென்ஸ் விக்டோரியா 1893இல்தான் வந்தது. அன்றைய வண்டிகள் பலவற்றில் ஸ்டீரிங் சக்கரமும் இல்லை. படகின் சுக்கான் போன்ற கைப்பிடியே இருந்தது. 1894இல் பாரிஸிலிருந்து ருவான் நகர் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரெட் வாஷெரான் தம் பானார் வண்டியில் வட்டச் சக்கரம் பொருத்தி ஓட்டியது பலரும் குறிப்பிடும் நிகழ்ச்சி. கைப்பிடியில் சாலையின் ஒவ்வோர் அடியும் நேரே கைக்கு வந்தது. வட்டச் சக்கரத்துடன் பல்சக்கர அமைப்பும் சேர்ந்தபோது அவ்வடிகளில் பெரும்பகுதி வழியிலேயே தேய்ந்து மறைந்தது.

நடுக்கத்தின் வரலாற்றுக்கு இவற்றைவிட முதன்மையானது 1896ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்று. அதனைப் பெற்றவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆர்தர் கிரெப்ஸ். திரும்பிய முன்சக்கரங்கள் ஓட்டுநரின் முயற்சியின்றித் தாமே நேர்நிலைக்கு மீள வேண்டும் என்பது அவர் நோக்கம். அதன்பொருட்டுச் சக்கரம் திரும்பும் முளையைச் சற்றே பின்சாய்வாக நிறுத்தினார். முளையின் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளி, சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னே விழும். ஆகவே சக்கரம் அப்புள்ளியின் பின்னால் இழுபட்டு வரும். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் எத்திசையில் தள்ளினும் பின்னால் திரும்பிக்கொள்வது இக்காரணத்தாலேயே. இச்சாய்வே பட்டறைகளில் ‘காஸ்டர்’ எனப்படுகிறது.

அதே தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளிப் பார்த்தவர் வேறொன்றையும் கண்டிருப்பர். சிறு சக்கரங்களுள் ஒன்று படபடவென அடித்துக்கொள்ளும். நேர்நிலைக்கு மீளும் சக்கரம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. விரைந்து வந்த வேகத்தில் நேர்நிலையைக் கடந்து மறுபுறம் செல்கிறது. அங்கிருந்து மீண்டும் இழுக்கப்படுகிறது. ஊசலைப் போன்றதே இதுவும். மீளும் ஆற்றலைச் சக்கரத்துக்குத் தந்தவர் ஆடும் ஆற்றலையும் கூடவே தந்துவிட்டார். ஆட்டத்தைத் தின்று தணிக்கும் உராய்வு போதிய அளவில் இருக்கும்வரை அது வெளிப்படவில்லை.

தளர்ச்சிக் கொள்கை

முதல் 25 ஆண்டுகளில் முன்சக்கர ஆட்டத்துக்குப் பட்டறைகள் கண்ட காரணம் தளர்ச்சி ஒன்றே. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. ஸ்டீரிங் சக்கரத்துக்கும் சாலையைத் தொடும் டயருக்கும் இடையே மூட்டுகள் பல: ஸ்டீரிங் பெட்டியின் பற்கள், டிராக் லிங்கின் இரு முனைகள், டை ராடின் இரு முனைகள், கிங்பின்னும் அதன் புஷ்களும், சக்கர பேரிங்குகள். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு தேய்ந்தாலும் அவை கூடுகின்றன. கூடுவதோடு பெருகவும் செய்கின்றன. முளையிலிருந்து 15 செ.மீ. நீளும் கையில் 1 மி.மீ. தளர்ச்சி இருந்தால், 37 செ.மீ. ஆரமுடைய சக்கரத்தின் விளிம்பில் அது ஏறத்தாழ 2.5 மி.மீ. ஆகும்.

இதனைக் கண்டறியும் முறை எளியது, இன்றும் மாறாதது. முன்பகுதியை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்ட வேண்டும். அப்போது உணரப்படும் ஆட்டம் பேரிங்கையோ கிங்பின்னையோ சேர்ந்தது. சக்கரம் மட்டும் தன் தண்டின்மேல் அசைந்தால் குறை பேரிங்கில்; தண்டும் சேர்ந்து அச்சின்மேல் அசைந்தால் குறை கிங்பின் புஷ்ஷில். பின்னர்ச் சக்கரத்தின் முன்னும் பின்னும் கைவைத்து ஆட்ட வேண்டும். அவ்வாட்டம் டை ராடு முனைகளையும் ஸ்டீரிங் பெட்டியையும் காட்டிக்கொடுக்கும். தமிழகத்துப் பட்டறைகளில் ‘ப்ளே இருக்கு’ என்று சொல்லப்படுவது இதுவே. ‘விளையாட்டு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ‘இடைவெளி அசைவு’ என்னும் தொழிற்பொருளில் தமிழ்ப் பேச்சில் நிலைத்திருப்பதும், தமிழில் ‘ஆட்டம்’ என்னும் சொல் விளையாட்டையும் அசைவையும் ஒருங்கே குறிப்பதும் தற்செயல் ஒற்றுமையாயினும் சுவையானது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்பனையான ஃபோர்டு ‘டி’ மாதிரி இத்தளர்ச்சி நோயின் பாடநூல் எனலாம். அதன் பல்சக்கர அமைப்பு ஸ்டீரிங் சக்கரத்தின் அடியிலேயே இருந்தது. அதன் விகிதம் நெடுங்காலம் 4க்கு 1 மட்டுமே. சாலையின் அடி எளிதில் கைக்கு வந்து சேரும். முன்னச்சைத் தாங்கியது குறுக்காக வைக்கப்பட்ட ஒற்றைப் பட்டைவில். அச்சு முன்னும் பின்னும் சாயாதபடி பிடித்திருந்தது, எஞ்சினுக்கு அடியில் ஒரு பந்து மூட்டில் முடியும் கவை வடிவக் கம்பி. காஸ்டர் சாய்வு முழுவதும் இக்கம்பியையே நம்பியிருந்தது. பந்து மூட்டு தளர்ந்தாலோ, பள்ளத்தில் விழுந்து கம்பி வளைந்தாலோ, பழுதுபார்த்தவர் அச்சை முன்பின்னாக மாற்றிப் பூட்டிவிட்டாலோ சாய்வு குறையும் அல்லது எதிர்த்திசையாகும். முன்சக்கரங்கள் நேரே நிற்க மறுக்கும். புஷ்களை மாற்றி, மூட்டுகளை இறுக்கி, கம்பியை நிமிர்த்தினால் பெரும்பாலும் வண்டி திருந்திவிடும்.

பட்டறையினரின் இவ்வறிவைக் குறைத்து மதிப்பிடலாகாது. கைவிரலால் கால் மில்லிமீட்டரை உணரும் பயிற்சி நூல்களில் வராதது. இடர் நேர்ந்தது வேறிடத்தில். ‘ஆடுகிறது என்றால் எங்கோ தளர்ந்திருக்கிறது’ என்னும் முடிவு பலமுறை மெய்யானதால் விதியாகிவிட்டது. தளராத வண்டியும் ஆடக்கூடும் என்னும் எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

புதிய வண்டியின் நோய்

அவ்விதியைக் குலைத்தவை இரண்டு நல்ல மாற்றங்கள். ஒன்று, முன்சக்கர பிரேக். அதற்குமுன் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. 1919இல் ஹிஸ்பானோ-சுய்சா எச்6, 1921இல் டூசன்பர்க், 1924 மாதிரிகளில் பியூயிக்கும் கிரைஸ்லரும் என நான்கு சக்கர பிரேக் பரவியது. இதனால் முன்னச்சின் இரு முனைகளிலும் கனமான டிரம்கள் ஏறின. மற்றொன்று, பலூன் டயர். 1923இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பழைய ஒடுங்கிய டயர்களில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவில் காற்றழுத்தம் இருந்தது. பலூன் டயருக்கு அதில் பாதியே போதும். பயணம் மென்மையாயிற்று, சாலையின் சிறு மேடுபள்ளங்கள் டயருக்குள்ளேயே அடங்கின.

ஆனால் டயர் இப்போது தானே ஒரு வில்லாகிவிட்டது. மேலே பட்டைவில்லும் கீழே காற்றுவில்லும் இருக்க, அவ்விரண்டுக்கும் நடுவே கனத்த அச்சு இருபுறமும் மாறிமாறித் தாவக்கூடிய நிலை உண்டாயிற்று. பக்கவாட்டிலும் டயர் நெகிழ்ந்தது. ஒடுங்கிய டயரும் இலேசான அச்சும் ஆட்டத்தை அடக்கி வைத்திருந்தன. இரண்டும் ஒரே காலத்தில் நீங்கின. விளைவாக, தொழிற்சாலையிலிருந்து வந்த சில நாட்களிலேயே, எந்த மூட்டிலும் தேய்வு இல்லாத வண்டிகள் உதறின. இறுக்குவதற்கு ஒன்றும் இல்லாத வண்டியை இறுக்கிக்கொண்டிருப்பதில் பயன் என்ன?

‘ஷிம்மி’ என்னும் பெயர் நிலைபெற்றது இக்காலத்தில்தான். 1910களின் இறுதியில் அமெரிக்க அரங்குகளில் பரவிய நடனம் ஒன்றின் பெயர் அது. கால்கள் நின்ற இடத்தில் நிற்க, தோளும் மார்பும் விரைந்து உதறும் நடனம். ஒழுக்கக்கேடானது என்று கண்டிக்கப்பட்டதால் அதன் புகழ் மேலும் வளர்ந்தது. சொல்லின் மூலம் ஆடை. ‘செமீஸ்’ என்னும் பிரெஞ்சு உள்ளாடைப் பெயரின் பேச்சுத் திரிபே ‘ஷிம்மி’. ஆடையை உதறுவதுபோல் ஆடுதல் என்பதிலிருந்து நடனத்துக்கும், நடனத்திலிருந்து சக்கரத்துக்கும் அது சென்றது. ‘செமீஸ்’ பிற்கால இலத்தீனின் ‘கமீசியா’ என்பதிலிருந்து வந்தது. அரபியின் ‘கமீஸ்’ என்பதும் அம்மூலத்தைச் சேர்ந்ததே எனச் சொல்லாய்வாளர் கருதுவர். அவ்வாறாயின், சல்வாரோடு இணைத்து நாம் வழங்கும் கமீஸும் உதறும் முன்சக்கரமும் சொல்லளவில் ஒரு குடியின.

உருவகப் பெயர்கள் கண்ணுக்குத் தெரிவதையே பற்றிக்கொள்வன. தளர்ந்த கிங்பின்னால் வரும் ஆட்டமும், சமநிலையற்ற சக்கரத்தால் வரும் அதிர்வும், அச்சு தாவுவதால் வரும் உதைப்பும் ஓட்டுநரின் கையில் ஒரேவிதமாக உணரப்பட்டன. மூன்றும் ‘ஷிம்மி’ ஆயின. காய்ச்சல் என்பதே நோயின் பெயராக இருந்த கால மருத்துவத்தை இது ஒத்தது.

பெயர் பிளவுபடல்

1925இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புருலியே பாரிஸின் குடிசார் பொறியாளர் கழகத்துக்கு அளித்த கட்டுரை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதன் தலைப்பிலேயே இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கின்றன: ‘ஷிம்மி’, ‘தாந்தினமான்’. பின்னது இடுப்பை இருபுறமும் அசைத்து வாத்துப்போல் நடப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ஒரு நோய் இரண்டாக எண்ணப்பட்டது என்பதற்கு அத்தலைப்பே சான்று. டயர் தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை. பக்கவிசை தாக்கும்போது நெகிழ்ந்து, சற்றுக் கோணலாகவே உருள்கிறது என்னும் கருத்தையும் அக்கட்டுரை முன்வைத்தது. பின்னாளில் ‘நழுவு கோணம்’ என வழங்கி, வண்டியியக்க அறிவியல் முழுமைக்கும் அடிப்படையான கருத்து, நடுக்கத்தின் மருத்துவத்திலிருந்தே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆங்கிலத்தில் ‘ஷிம்மி’க்கு அருகே ‘டிராம்ப்’ என்னும் சொல் வந்தமர்ந்தது. கனத்த கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நடப்பது அதன் பொருள். ஜெர்மனியில் ‘ஃபிளாட்டர்ன்’, ‘டிராம்பெல்ன்’ எனும் இரண்டும் வழங்கின. முன்னது கொடி படபடப்பதையும் பறவை சிறகடிப்பதையும் குறிப்பது. பின்னது காலால் மிதித்துத் துவைப்பதைக் குறிப்பது. மூன்று மொழிகளும் ஒரே வேறுபாட்டை நாடியிருப்பதைக் காணலாம். ஒன்று முளையைச் சுற்றிய கிடை ஆட்டம். மற்றது அச்சின் இரு முனைகளும் மாறிமாறி ஏறி இறங்கும் செங்குத்து ஆட்டம். நடப்பு குறித்த சொற்களே இரண்டாம் வகைக்கு எங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது.

இவ்விரண்டையும் கோத்துவைப்பது எது என்பதற்கு விடை பம்பரத்தில் இருக்கிறது. சுழலும் பம்பரத்தின் தலையை ஒருபுறமாகத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாய்வதில்லை. அதற்குக் குறுக்கான திசையில் நகர்கிறது. சுழலும் முன்சக்கரமும் ஒரு பம்பரமே. ஒற்றை அச்சின் ஒரு முனை கல்லில் ஏறும்போது அச்சு முழுவதும் சாய்கிறது. அதனோடு இரு சக்கரங்களும் சாய்கின்றன. சாய்க்கப்பட்ட சக்கரம் பம்பர நியாயப்படி கிங்பின்னைச் சுற்றித் திரும்புகிறது. திரும்பும் சக்கரம் அதே நியாயப்படி அச்சை மறுபுறம் சாய்க்கிறது. சாய்வு திருப்பத்தையும் திருப்பம் சாய்வையும் உண்டாக்க, வண்டி முன்னோக்கி ஓடும் ஆற்றலிலிருந்து ஒரு பங்கை நெகிழும் டயர் இவ்வாட்டத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். கல் போன பின்னும் உதறல் நிற்காமைக்குக் காரணம் இதுவே. 1931இல் பெர்லினில் பெக்கர், ஃபிரோம், மாரூன் ஆகிய மூவர் மோட்டார் வண்டி ஸ்டீரிங்குகளின் அதிர்வு குறித்துத் தனிநூலே வெளியிட்டனர். தளர்ச்சியே காரணம் என்ற நிலையிலிருந்து அதிர்வியலுக்கு நோயறிதல் அதற்குள் நகர்ந்திருந்தது.

இத்தெளிவு வந்தபின் ஓட்டுநரிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் மாறின. ‘எங்கே தளர்ந்திருக்கிறது?’ என்பதற்கு முன்னால் ‘எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் நிற்கிறது?’ என்னும் கேள்வி வந்தது. 2.3 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 6 முறை சுழலும், 75 கி.மீ. வேகத்தில் 9 முறை. சக்கர விளிம்பில் ஓரிடத்தில் 50 கிராம் கூடுதலாக இருந்தால், பின்கூறிய வேகத்தில் அது ஏறத்தாழ 5 கிலோ எடைக்கு ஈடான விசையால் அச்சை நொடிக்கு 9 முறை உதைக்கும். அச்சின் இயல்பான அதிர்வெண்ணும் அதுவேயானால் ஒத்ததிர்வு உண்டாகி அச்சு தாவும். இவ்வகை ஆட்டம் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும்; அவ்வேகத்தைத் தாண்டினாலும் மறையும், குறைத்தாலும் மறையும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஷிம்மி அவ்வாறன்று. ஒரு கல்லோ பள்ளமோ தொடங்கிவைக்க, தொடங்கிய வேகத்துக்கும் கீழே இறங்கினாலன்றி அது அடங்காது. முன்னதற்கு மருந்து சக்கரத்தைச் சமநிலைப்படுத்துதல். பின்னதற்கு அது போதாது.

மருந்துகள்

பெயர் ஒன்றாய் இருந்தபோது மருந்துகள் எவ்வாறு முரண்பட்டன என்பதற்குக் காஸ்டர் நல்ல எடுத்துக்காட்டு. பழைய ஒடுங்கிய டயரில், வண்டி நேரே நிற்காமல் அலைந்தால் அச்சுக்கும் பட்டைவில்லுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு செருகிச் சாய்வைக் கூட்டுவது வழக்கம். பலூன் டயரின் அகன்ற தடமோ தானாகவே சக்கரத்தை நேர்நிலைக்கு இழுக்கும் தன்மையுடையது. அதன்மேல் காஸ்டரையும் கூட்டினால் இழுப்பு மிகும். இழுப்பு மிகுந்தால் ஊசலாட்டமும் மிகும். அலைவுக்கு மருந்தானது உதறலுக்கு நஞ்சாயிற்று. ஆப்பை மறுபுறமாகத் திருப்பிச் செருகிச் சாய்வைக் குறைப்பதே இங்குத் தேவைப்பட்டது. ஒரே தகடு, ஒரே இடம். செருகும் திசை மட்டும் நோயின் பெயரைப் பொறுத்தது.

டயரில் காற்றை மிகுதியாக அடைப்பது மற்றொரு மருந்து. அது பலிக்கும், ஆனால் பலூன் டயர் வாங்கியதன் பயன் போய்விடும். மூட்டுகளில் உராய்வைக் கூட்டும் தணிப்பான்களைப் பொருத்துவதும் பலிக்கும்; ஸ்டீரிங் கனத்துவிடும். ஃபோர்டு தன் ‘டி’ மாதிரியில் பலூன் டயர் வந்தபோது ஸ்டீரிங் விகிதத்தை 5க்கு 1 என மாற்றியது. மருந்தின் விலையை ஓட்டுநரின் தோள்களே கொடுத்தன.

இவற்றினும் நுட்பமானது வடிவியல் சார்ந்த மருத்துவம். நீளவாட்டில் வைத்த பட்டைவில்லின் முன்முனை நிலையாகவும் பின்முனை ஊசலாடும் ஷாக்கிளாகவும் இருப்பது வழக்கம். அச்சு ஏறி இறங்கும்போது முன்முனையை மையமாகக் கொண்ட வில்வட்டத்தில் நகர்கிறது. டிராக் லிங்கோ பின்னாலுள்ள ஸ்டீரிங் பெட்டியை மையமாகக் கொண்ட வட்டத்தில் நகர்கிறது. இரு வட்டங்களும் எதிரெதிராக வளைவன. ஆகவே ஒவ்வொரு மேட்டிலும், யாரும் திருப்பாமலே சக்கரம் திரும்பும். ஷாக்கிளை முன்னாலும் நிலையான முனையைப் பின்னாலும் மாற்றி வைத்தால் இரு வட்டங்களும் ஏறத்தாழ ஒன்றும். ஒரு போல்ட்டையும் இறுக்காமல், இடமாற்றத்தாலேயே தீரும் நோய் இது.

எல்லா மருந்துகளிலும் வியப்பூட்டுவது பம்பர். 1930களில் அமெரிக்கப் பேக்கார்டு வண்டிகளிலும், வில்மட் பிரீடன் நிறுவனத்தின் தயாரிப்பைப் பயன்படுத்திய பிரித்தானிய வண்டிகள் சிலவற்றிலும், முன்பம்பரின் இரு முனைகளிலும் கனமான எடைகள் அமைக்கப்பட்டன. அச்சு தாவும் அதிர்வெண்ணுக்கு ஏற்ப அவை இசைவிக்கப்பட்டிருந்தன. அச்சும் சட்டமும் ஒருபுறம் அசைய முற்படும்போது எடைகள் எதிர்ப்புறம் அசைந்து ஆட்டத்தை உண்டுவிடும். மோதலைத் தாங்கும் உறுப்பு என்று வழிப்போக்கர் எண்ணியது, உண்மையில் நடுக்கத்துக்கான மருந்துப் புட்டியாகவும் இருந்தது.

அச்சைப் பிரித்தல்

இவை யாவும் ஒற்றை அச்சை வைத்துக்கொண்டு செய்த மருத்துவம். சாய்வும் திருப்பமும் ஒன்றையொன்று வளர்ப்பது, இரு சக்கரங்களும் ஒரே அச்சில் சேர்ந்து சாய்வதால் அன்றோ? ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே, சாயாமல், நேர்மேலாக ஏறி இறங்குமாயின் அக்கண்ணி அறுந்துவிடும். 1922இல் பாரிஸில் காட்சிக்கு வந்த லான்சியா லாம்ப்டாவின் முன்சக்கரங்கள் செங்குத்துத் தூண்களில் வழுக்கி ஏறி இறங்கின.

பெருந்தொகையாக வண்டி செய்தோர் இவ்வழிக்கு வந்தது வேறொரு வாயிலால். மாரிஸ் ஆலி ரோல்ஸ் ராய்ஸின் அமெரிக்கக் கிளையிலிருந்து 1930இல் காடிலாக்கிற்கு வந்தவர். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கத்தக்க சோதனை வண்டி ஒன்றை 1932இல் அமைத்து, பயணம் சமதளமாக உணரப்பட முன்வில்கள் பின்வில்களைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று அவர் கண்டார். அன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. வழக்கம் மூடத்தனமானதன்று, ஒற்றை அச்சின்மேல் முன்வில்லை மென்மையாக்கினால் நடுக்கம் தலைதூக்கும் என்பதால்தான் வில்கள் விறைப்பாக வைக்கப்பட்டிருந்தன. பயணியின் முதுகைக் குலுக்கிக்கொண்டிருந்தது சாலை மட்டுமன்று, ஷிம்மி பற்றிய அச்சமுங்கூட. அச்சைப் பிரித்தபோது அவ்வச்சம் நீங்கியது. 1934 மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்குத் தனித்தனி முன்சக்கரத் தாங்கலை அளித்தது. ஃபோர்டு தன் ஒற்றை அச்சை 1948 வரை விடவில்லை; 1949 மாதிரியில்தான் அதனைக் கைவிட்டது.

‘ஷிம்மி’ என்னும் சொல் கார்களில் அருகிய காலத்தில் வானூர்திகளில் புகுந்தது. மூக்கின்கீழ் ஒற்றைச் சக்கரம் கொண்ட வானூர்திகள் ஓடுபாதையில் அதே நோய்க்கு ஆளாயின. ஜெர்மனியில் ஷ்லிப்பெ, டீட்ரிக் ஆகியோர் 1941இலும், சோவியத் கணிதவியலார் ம்ஸ்திஸ்லாவ் கெல்திஷ் 1945இலும் இதனை ஆராய்ந்தனர். கெல்திஷுக்கு 1946இல் ஸ்டாலின் பரிசு இவ்வாய்வுக்காகவே கிடைத்தது. அவர் ஆய்வின் தலைப்பிலும் இருப்பது ‘ஷிம்மி’தான். அமெரிக்க அரங்கு நடனத்தின் பெயர் சோவியத் அரசுப் பரிசு வரை சென்றிருக்கிறது.

இந்தியாவில் ஃபோர்டு தன் துணை நிறுவனத்தை 1926இல் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. ஆகவே இங்கு வந்தவை இந்நோயின் உச்சகால வண்டிகள். பிற்காலத்து அம்பாசடர் பிரிந்த முன்சக்கரத் தாங்கலுடன் வந்தது. லாரிகளும் பழைய ஜீப்புகளும் ஒற்றை முன்னச்சிலேயே நின்றன. அவற்றைப் பழுதுபார்த்த தமிழ்ப் பட்டறைகளில் ‘ஷிம்மி’ என்னும் சொல் வேரூன்றவில்லை. வண்டி ‘ஆடுகிறது’, ஸ்டீரிங் ‘உதறுகிறது’, முன்பகுதி ‘குலுங்குகிறது’, கையில் ‘அதிர்கிறது’ என்னும் வினைகளே வழங்கின. இவை ஒருபொருட்பன்மொழி அல்ல. ‘ஆடுதல்’ தளர்ச்சியோடு வரும் மெல்லிய அசைவு. ‘உதறுதல்’ இடவலமான விரைந்த வீச்சு. ‘குலுங்குதல்’ மேல்கீழ் இயக்கம். ‘அதிர்தல்’ சிறுவீச்சும் மிகுவிரைவும் உடையது. பிரெஞ்சும் ஜெர்மனும் இரண்டு பெயர்களால் பிரித்ததைத் தமிழ்ப் பேச்சு நான்கு வினைகளால் பிரித்து வைத்திருக்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் இவையனைத்தையும் ‘அதிர்வு’ என்னும் ஒரே பெயர்ச்சொல்லில் அடக்கிவிடும்போது, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் ஓட்டுநரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அச்சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறது: ‘ஆடுதா, உதறுதா? எத்தனைல போகும்போது?’